பச்சை பிடிக்கும் வரை

தஞ்சைத் தரணியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் முதல் விஷயம் புதிதல்ல. பட்டணத்திலேயே பிறந்து, அரிசியை மளிகைக் கடையில் மட்டுமே பார்த்திருக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.

நெல்லை முதலில் நாற்றங்காலில் விதைக்கிறார்கள். நாற்று நெருக்கமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக வளருகிறது. நாள் வந்ததும் அதைப் பறித்து, முடி கட்டி, வேறு வயலுக்குக் கொண்டு போய் நடுகிறார்கள். நட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். ஐயோ பாவம் என்று தோன்றும். நேற்று வரை பச்சைப் பசேலென்று இருந்த நாற்று மஞ்சளித்து, தலை சாய்ந்து, "இது எங்கே பிழைக்கப் போகிறது?" என்று கேட்கும்படி நிற்கும். ஆனால் விவசாயி கவலைப்படுவதில்லை. சில நாட்களுக்கு வயலில் சன்னமாகத் தண்ணீர் நிறுத்தி வைப்பான். அதிகமாகிவிட்டால் நாற்று முழுகிவிடும், வற்றிவிட்டால் காய்ந்துவிடும். மண்ணில் வேர் ஊன்றியதும் பயிர் தானாக நிமிரும். "பச்சை பிடித்துவிட்டது" என்பார்கள்.

குடியை விட்ட மனிதனும் இந்த நாற்றைப் போலத்தான். ஆஸ்பத்திரி என்ற நாற்றங்காலில் நன்றாகத்தான் இருக்கிறான். அங்கிருந்து பறித்துப் பழைய வயலில் நடும்போதுதான் ஆபத்து. அந்தச் சில மாதங்களுக்குச் சன்னமாகத் தண்ணீர் நிறுத்துவது யார்? எங்கே? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

ரயிலை விட்டு இறங்கியதும்...

அதிராம்பட்டினத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எந்தப் பெயரை வைத்தாலும் யாருக்காவது பொருந்திவிடும். கணவனுக்கு உப்பளத்தில் வேலை. பல வருஷமாகக் குடி. நகை போயிற்று, பாத்திரம் போயிற்று, கடைசியில் உடம்பும் போகிற சமயத்தில் அவன் மனைவி எப்படியோ பணம் புரட்டி அவனை வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தாள். ஒரு மாதம் சிகிச்சை நடந்தது. முகத்தில் களை வந்தது. கை நடுக்கம் நின்றது. குழந்தையைப் பற்றி அவனாகவே விசாரித்தான். அவளுக்குத் தெய்வமே நேரில் வந்த மாதிரி இருந்தது.

இருவரும் ரயிலில் ஊர் திரும்புகிறார்கள். ஸ்டேஷனை விட்டு இறங்கி நாலு அடி வைப்பதற்குள், "என்ன மச்சான், ஆளையே காணோம்?" என்று ஒரு குரல். பழைய கூட்டாளி! வேலைக்குப் போகும் வழி பழைய வழி. கூலி கைக்கு வரும் நேரம் பழைய நேரம். அதிலும் அவன் திரும்பியது ஐப்பசி மாதமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடைமழையில் உப்பளத்தில் வேலை கிடையாது. கையில் காசு இல்லாமல், பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டவுடன் மனைவி ஓடி வந்து மோந்து பார்க்கிறாள். "எங்கே, வாயை ஊதிக் காட்டுங்க!" என்கிறாள். மாமியார், "அவனை இப்படிச் சந்தேகப்பட்டால் அவன் ஏன் குடிக்கமாட்டான்?" என்று மருமகள்மேல் பாய்கிறாள். கடன்காரன் வாசலில் நிற்கிறான். மூன்றாவது வாரம் ஒரு கல்யாண வீடு. "ஒரு நாளைக்குத்தானே!" என்று யாரோ சொல்கிறார்கள்.

பிறகு நடந்ததை நான் சொல்லவேண்டியதில்லை. "அவ்வளவு பணம் செலவழித்தும் திருந்தவில்லை பார்!" என்று ஊர் சொல்லிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போய்விடும். வைத்தியத்தில் பழுதில்லை, மனிதனிடமும் ஆசை இல்லாமல் இல்லை. வேர் ஊன்றுவதற்குள் வயல் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்புக் குறைவால் வந்ததா?

"என்மேலும் குழந்தைகள்மேலும் பிரியம் இருந்தால் விட்டுவிட மாட்டாரா?" என்று கேட்காத மனைவி இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் வேறு. நெடுநாள் அளவுக்கு மீறிக் குடித்தவனுடைய மூளையும் நரம்புகளும் மதுவுக்கென்றே தம்மைத் திருத்தி அமைத்துக்கொண்டு விடுகின்றன. மது இல்லாவிட்டால் அவை கூச்சல் போடுகின்றன. ஆகவேதான் டாக்டர்கள் இதை நோய் என்கிறார்கள். சர்க்கரை நோயையும் ரத்தக் கொதிப்பையும் போல, ஒரு மாத மருந்தில் முடிந்துபோகாமல் நெடுங்காலம் கவனித்துக்கொள்ள வேண்டிய நோய். நோய் என்று சொல்வதால் அவனுடைய பொறுப்பு போய்விடாது. சர்க்கரை நோயாளி இனிப்பைத் தொடாதிருக்க வேண்டியது அவன் பொறுப்பு அல்லவா? அப்படித்தான் இதுவும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். வீட்டுக்கு வீடு தெரிந்திருக்க வேண்டியவை.

முதலாவது: தினமும் அதிகமாகக் குடித்து வந்தவனை வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தச் செய்யாதீர்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் வியர்வையும் நடுக்கமும் ஆரம்பிக்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு ஜன்னி கண்டவன் போல் இல்லாததையெல்லாம் பார்த்துப் பிதற்றலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. முதல் சில நாட்கள் டாக்டரின் பார்வையில்தான் கழியவேண்டும்.

இரண்டாவது: "சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. குடித்தால் உடம்பு தாங்காமல் வாந்தியும் படபடப்பும் வரச்செய்யும் 'டைசல்பிராம்' என்ற மருந்து ஒன்று உண்மையிலேயே உண்டு. டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 1948-இல் அதன் குணத்தை வெளியிட்டார்கள். ஆனால் அது நோயாளிக்குத் தெரிந்து, அவன் சம்மதத்தின் பேரில், டாக்டர் பரிசோதித்துக் கொடுக்கவேண்டிய மருந்து. தெரியாமல் கொடுத்து, அவன் அதன்மேல் குடித்துவிட்டால் இருதயம் நின்றுபோகவும் கூடும். தாலிக்கு அஞ்சிச் செய்யும் காரியமே தாலிக்கு வினையாகலாம்!

சட்டம் வந்தது, போயிற்று

நம் ராஜ்யத்தில் இந்தக் கவலை புதிதல்ல. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் பணியாற்றினார். ராஜாஜி முதல் மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசாங்கத்தின் 'டாஸ்மாக்' நிறுவனமே நடத்துகிறது.

கடை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றிப் பெரியவர்கள் வாதம் செய்யட்டும். கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், இன்று குடியை விட்டிருக்கும் ஒருவன் இன்றிரவு எங்கே படுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2019-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5 கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு உதவி தேவையாக இருக்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். அந்த ஒருவரும் சிகிச்சைக்குப் பின் கைவிடப்பட்டால் அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஒரு பெண்மணியின் துயரத்திலிருந்து

சென்னையில் பெரிய வணிகக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர் சாந்தி ரங்கநாதன். அவருடைய கணவர் டி. டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-இல், இள வயதிலேயே காலமானார். பணத்துக்குக் குறைவில்லாத குடும்பம். இருந்தும், இந்த நோய்க்கென்று தனியாக ஒரு சிகிச்சை நிலையம் தேடினால் அகப்படாத காலம் அது. அந்தத் துயரத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடாமல், சாந்தி அமெரிக்கா சென்று இந்த வைத்திய முறைகளைக் கற்றுவந்தார். 1980-இல் கணவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னையில் தொடங்கியது. டி. டி. கே. ஆஸ்பத்திரி என்று சென்னைவாசிகள் சொல்வது இதைத்தான். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் ஏற்பாட்டில் நம் வாசகிகள் கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்று உண்டு. நோயாளிக்கு மட்டும் சிகிச்சை செய்து அனுப்பிவிடுவதில்லை. மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியே வகுப்புகள் உண்டு. குடிப்பவன் ஒருவன், ஆனால் தூக்கமிழந்தவர்கள், பொய் சொல்லப் பழகியவர்கள், பயத்திலேயே வளர்ந்தவர்கள் வீட்டில் எத்தனை பேர்! அவர்களும் தேறவேண்டும் அல்லவா? சிகிச்சை முடிந்தும் வீடு திரும்ப முடியாத நிலையில் இருப்பவர்கள் மேலும் சில காலம் தங்குவதற்குப் பின்பராமரிப்பு மையமும் அங்கே ஏற்பட்டது.

மஞ்சக்குடியில் நடந்தது

சென்னையில் இருப்பவர்களுக்கு இது சரி. காவேரிக் கரைக் கிராமத்தில் நாற்று நடுகிறவன், ஒரு மாதக் கூலியை விட்டுவிட்டுப் பட்டணம் வந்து படுக்க முடியுமா?

அதற்கு ஒரு பதில் நம் டெல்டாவிலேயே கிடைத்தது. குடவாசலுக்குப் பக்கத்தில் மஞ்சக்குடி என்று ஒரு கிராமம். சுவாமி தயானந்த சரஸ்வதி பிறந்த ஊர். இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த நாளில் தஞ்சை ஜில்லா. 1989-இல் டி. டி. கே. ஆஸ்பத்திரிக்காரர்கள், "நோயாளி வர முடியாவிட்டால் நாம் போவோம்" என்று டாக்டரும் நர்ஸும் ஆலோசகரும் மூட்டை கட்டிக்கொண்டு மஞ்சக்குடிக்கே போனார்கள். கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோமே, அதைப் போலக் குடிநோய்க்கு 15 நாள் முகாம்!

இதில் விசேஷம் என்னவென்றால், யாரைச் சேர்ப்பது, எங்கே தங்கவைப்பது, திரும்பியபின் யார் கவனிப்பது என்பதிலெல்லாம் ஊர்க்காரர்களுக்குப் பங்கு இருந்தது. குடும்பத்தாரையும் வரவழைத்து உட்கார வைத்தார்கள். முகாம் கலைந்த பிறகும் ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து, சிகிச்சை பெற்றவர்களைச் சந்தித்தார்கள். 1994-இல் இந்த 'மஞ்சக்குடி அனுபவம்' வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையாக வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். பட்டணத்துச் சிகிச்சை முடிந்தவன் தனி ஆளாக ஊர் திரும்புகிறான். மஞ்சக்குடி முகாம் முடிந்தவனோ, தன்னைப் போலவே குடியை விட்ட பலரோடு சேர்ந்து ஊர் திரும்புகிறான். ஸ்டேஷனில் "என்ன மச்சான்?" என்று கேட்க இப்போது வேறு ஆள் இருக்கிறான்; அவனும் குடிப்பதில்லை! நாற்றை ஒன்றொன்றாக எங்கேயோ ஊன்றாமல் குத்துக் குத்தாக நட்டது போல ஆயிற்று.

பாதிவழி வீடு

இதே தத்துவத்தைக் கொண்டு வேறு தேசங்களில் வீடுகள் நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் இருப்பதால் 'ஹாப்வே ஹோம்', அதாவது பாதிவழி வீடு என்று பெயர். இங்கே கட்டிலும் ஊசியும் கிடையாது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடு. ஆறு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்து தங்குவார்கள். காலையில் வேலைக்குப் போவார்கள். மாலையில் திரும்பி வந்து சமைப்பார்கள். வீட்டுக்குள் ஒரு சொட்டு மதுவும் வரக்கூடாது. இவ்வளவுதான் வித்தியாசம்.

இவற்றில் ஒரு வகை பிறந்த கதை ரசமானது. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊர். அங்கே அரசாங்கம் நடத்திவந்த பாதிவழி வீடு ஒன்றை 1975-இல், பணமில்லை என்று மூடப் போனார்கள். அதில் தங்கியிருந்தவர்களில் பால் மல்லாய் என்ற வக்கீலும் ஒருவர். அவரும் மற்றவர்களும் கூடி யோசித்தார்கள். "நாம் வாடகை கொடுத்தால் நாமே நடத்தலாமே!" என்று துணிந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஆக்ஸ்போர்டு ஹவுஸ்'.

அதன் விதிகள் ஒரு தபால் கார்டில் எழுதிவிடக் கூடியவை. வாடகையையும் செலவையும் எல்லோரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வீட்டு விவகாரங்களை வாரந்தோறும் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். மேலே மானேஜர் என்று யாரும் இல்லை. குடித்தவர் அன்றே வெளியேற வேண்டும். இவற்றுக்கு உட்பட்டு நடப்பவர் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆண்களுக்குத் தனி வீடு, பெண்களுக்குத் தனி வீடு. குழந்தைகளோடு தாய்மார் தங்கும் வீடுகளும் உண்டு. 1988-இல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் செய்து, இப்படி வீடு தொடங்குகிறவர்களுக்கு 4,000 டாலர் கடன் கொடுக்க வழி செய்தது. ஒரு வீடு திருப்பிச் செலுத்தும் பணம் அடுத்த வீட்டுக்கு முதலாகும். நம் ஊர்ச் சீட்டுக் கணக்கு மாதிரிதான்! இப்போது இத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

"குடித்தவரை வெளியேற்றுவது இரக்கமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒருவர் புட்டியோடு உள்ளே வந்தால் மற்ற ஐந்து பேருடைய உயிருக்கும் ஆபத்து என்பதால்தான் அந்த விதி. வெளியேறியவருக்குச் சிகிச்சையின் கதவு மூடிவிடவில்லை. தெளிந்து திரும்பிவந்து மறுபடியும் கேட்கலாம்.

இதனால் பலன் உண்டா? டீபால் சர்வகலாசாலையைச் சேர்ந்த லெனார்ட் ஜேசன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்த 150 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டது போலப் பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும் பாதிப் பேரை வழக்கமான முறையிலும் அனுப்பினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான முறையில் போனவர்களில் நூற்றுக்கு 65 பேர் போதையைத் தொட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 31 பேர்தான். வருமானத்திலும் வீட்டுக்காரர்களே முன்னே நின்றார்கள். 2006-இல் வெளிவந்த முடிவு இது. புது மருந்து ஒன்று இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் உலகமெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பார்கள். வாடகை வீடும் நல்ல சகவாசமும் கொடுத்ததால் பலருக்குத் தெரியவில்லை!

கதவு திறந்திருக்கிறதா?

நம் நாட்டில் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் மத்திய அரசாங்கத்தின் உதவி பெறும் நிலையங்கள் இருக்கின்றன. 14446 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்தால், பக்கத்தில் எங்கே உதவி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சிகிச்சைக்குப் பிறகு தங்கும் வீடுகள் குறைவு. அதுவும் சிறிய ஊர்களில் தேடித்தான் பார்க்கவேண்டும். தேடும்போது கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது.

நம் கடற்கரையோரத்தில் நடந்த ஒரு கொடுமையை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடுக்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் நிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். பாதிவழி வீடுகளையும், ஆதரவோடு கூடிய தங்குமிடங்களையும் அரசாங்கம் ஏற்படுத்தித் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இது பிச்சையல்ல, உரிமை. அதிகாரிகளிடம் இதைக் கேட்க நமக்கு வாய் இருக்கவேண்டும்.

ஆகவே ஓர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். அரசாங்கப் பதிவு இருக்கிறதா என்று சான்றிதழைக் கேளுங்கள். டாக்டர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார் என்று விசாரியுங்கள். அங்கே இருப்பவர்களோடு தனியாகப் பேச விடுகிறார்களா? நீங்கள் நினைத்தபோது வந்து பார்க்கலாமா? அடிப்பதும் பூட்டுவதும் உண்டா? மாதச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கொடுக்கிறார்களா? "மூன்று மாதத்துக்கு இந்தப் பக்கமே வராதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிற இடமாக இருந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். நல்ல வீட்டின் கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே இருப்பவன் போகாமல் இருப்பது பூட்டினால் அல்ல. அங்கே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தால்.

வீடே பாதிவழி வீடானால்...

பக்கத்தில் அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை; அவர் நேரே நம் வீட்டுக்குத்தான் வருகிறார். என்ன செய்வது?

முதலில், சகோதரி, போலீஸ் உத்தியோகத்தை ராஜிநாமா செய்துவிடுங்கள்! மோந்து பார்ப்பதும், சட்டைப்பையைத் துழாவுவதும், கடைவரை பின்தொடர்வதும் உங்களைத்தான் இளைக்க வைக்கும். குடிக்க நினைப்பவனை எந்த மனைவியும் காவல் காத்து நிறுத்தியதில்லை. அவருடைய தெளிவுக்கு அவர்தான் பொறுப்பாளி.

அந்தக் காவலை ஏற்க வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம் 1957 முதல் நம் நாட்டிலும் இருக்கிறது. சந்தா கிடையாது, பெயர் வெளியே சொல்வதில்லை, ஜாதி, மதம் கேட்பதில்லை. தமிழிலேயே பேசும் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே "நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன்" என்று ஒருவர் சொல்வதில் இருக்கும் சக்தி, மனைவி கண்ணீரோடு சொல்லும் புத்திமதியில் கூட இல்லை. குடும்பத்தாருக்கென்று 'அல்-அனான்' என்ற சங்கமும் 1951 முதல் உண்டு. வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா என்று தயங்கவேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கெல்லாம் அதே வீட்டு விஷயம்தான்.

அந்தச் சங்கத்தாரிடம் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு குறிப்பு நம் அடுக்களைக்கே பொருந்தும். குடிக்கவேண்டும் என்ற வேகம் நாலு சமயங்களில் அதிகமாக வருமாம்: பசி, கோபம், தனிமை, களைப்பு. கூலி வாங்கிக்கொண்டு வரும் மாலை நேரத்தில் இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன அல்லவா? அந்த நேரத்தில் சாப்பாடு தயாராக இருக்கட்டும். கடன் கணக்கையும் பழைய குற்றப் பத்திரிகையையும் அப்போது விரிக்கவேண்டாம், காலையில் பேசிக்கொள்ளலாம். சில மாதங்களுக்குக் கூலிப்பணம் நேரே வீட்டுக்கோ வங்கிக்கோ வர, அவர் சம்மதத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். கடை இல்லாத வேறு வழியாக வீடு திரும்பச் சொல்லுங்கள். வேலை இல்லாத மழை மாதத்துக்கு இப்போதே யோசித்து ஏதாவது ஒரு வேலை பார்த்து வையுங்கள். சும்மா இருக்கும் பகலைப் போல் பொல்லாதது வேறில்லை.

இதை எழுதும்போது இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். குடிநோய் பெண்களுக்கும் வருகிறது. தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களும் உண்டு. ஆண் தடுமாறினால் "பாவம், சகவாச தோஷம்" என்கிற உலகம், பெண் தடுமாறினால் வீட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. அவளுக்கும் நாலு மாதம் தங்கி மூச்சுவிட ஓர் இடம் வேண்டும். நம் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தால் மறைத்து வைக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போவதுதான் கௌரவம்.

மறுபடியும் ஒரு நாள் சறுக்கிவிட்டால்? எல்லாம் போயிற்று என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். இந்த நோயில் சறுக்கல் சகஜம். அன்றைக்கே ஆலோசகரிடம் போய், எங்கே கால் வழுக்கியது என்று பார்த்தால், அடுத்த முறை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. அடி, உதை, குழந்தைகளுக்கு அபாயம் என்று வந்துவிட்டால், நோய் என்று சொல்லித் தாங்கிக்கொண்டிருப்பது தர்மமல்ல. 181 என்பது பெண்களுக்கான உதவி எண். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களைக் காப்பாற்றுவதற்காகவே ஏற்பட்டது. நீங்களும் குழந்தைகளும் பத்திரமாக இருப்பதும் இந்த வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

ஊர் செய்யவேண்டியது

மனைவி ஒருத்தியே இவ்வளவையும் சுமக்க முடியாது. அதனால்தான் ஊரைக் கூப்பிடுகிறேன்.

அதிராம்பட்டினம் போன்ற ஓர் ஊரில் ஒரு பாதிவழி வீடு தொடங்க மாளிகை தேவையில்லை. மூன்று அறையும் ஒரு கிணறும் உள்ள வாடகை வீடு போதும். குடியை விட்ட ஆறு பேர், நியாயமான வாடகைக்கு வீட்டைக் கொடுக்க மனமுள்ள ஒரு சொந்தக்காரர், வாரம் ஒரு முறை வந்துபோகும் ஒரு டாக்டர், "இவர்களுக்கு நான் வேலை தருகிறேன்" என்று சொல்ல ஒரு முதலாளி. இத்தனை பேர் கூடினால் போதும். பள்ளிவாசல் ஜமாஅத்தும், கோயில் கமிட்டியும், மாதர் சங்கமும் நினைத்தால் முடியாத காரியமா இது? கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒன்றுகூடத் தெரிந்த ஊர், பிழைக்க வந்தவனுக்காகவும் ஒன்றுகூடலாமே!

அதுவும் முடியாவிட்டால், பக்கத்து வீட்டுக்காரராவது ஒன்று செய்யலாம். குடியை விட்டு வந்தவனைக் கண்டால், "திரும்பக் குடிக்காமல் எத்தனை நாள் இருப்பாய், பார்ப்போம்!" என்று கேலி பேசாமல், "வாப்பா, ஒரு டீ சாப்பிட்டுவிட்டுப் போ" என்று கூப்பிடலாம். அந்த ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கடை இருக்கும் தெருவை அவன் தாண்டிவிடக்கூடும்.

நட்டவுடனே பயிர் மஞ்சளிக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு "பட்டுப்போயிற்று" என்று மடையை அடைத்துக்கொண்டு போகிறவர் விவசாயி ஆகமாட்டார். இன்னும் சில நாள் தண்ணீர் நிறுத்துங்கள், பச்சை பிடித்துவிடும்.